நொய்யல் பாசனமும் நிலத்தில் ஏறும் உப்பும்

திருப்பூருக்கு வடக்கே அவிநாசி ரஸ்தாவில் உள்ள அனுப்பர்பாளையம் பித்தளைப் பாத்திர வேலைக்குப் பேர்போனது. பாத்திரத்தில் களிம்பேறினால் புளியிட்டுத் துலக்கிவிடலாம். நிலத்தில் உப்பேறினால் அவ்விதம் துலக்க இயலாது. நொய்யலாற்றின் கீழ்ப்பகுதிக் குடியானவர்கள் இதனை மிகுந்த நஷ்டத்துடன் அறிந்திருக்கின்றனர்.

வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகும் நொய்யல், கோயமுத்தூர், திருப்பூர் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, கரூர் ஜில்லாவில் நொய்யல் என்னும் ஊரருகே காவேரியில் கலக்கின்றது. அனுப்பர்பாளையம் பக்கத்து நல்லாறும் இதனையே சேர்கின்றது. ஆதலால் மேலே உள்ள ஓடையில் விடப்படுவது எதுவாயினும், கடைமடைக்காரனின் வயலை ஒருநாள் அடைந்தே தீரும்.

பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றுகையில் சோற்றுப்பு முதலியவற்றைத் தண்ணீரில் ஏராளமாகக் கரைக்கின்றனர். சாயத்தை நூலின்மேல் படியச் செய்வதே உப்பின் வேலை. அது நூலுடன் சேருவதில்லை. வேலை முடிந்ததும் போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரிலேயே நிற்கும். நிறத்தை நீக்கிவிட்டால் நீர் சுத்தமாகிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. தெளிந்த நீரிலும் உப்பு அப்படியே இருக்கக்கூடும்.

1992-ம் வருஷத்தில் ஒரத்துப்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே அணை ஒன்று கட்டி முடிக்கப்பெற்றது. நிலங்களுக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். ஆனால் சாயக்கழிவு அங்கே தேங்கி நின்றது. தண்ணீர் திறக்கவேண்டும் என்று மனுச் செய்வதே ஆயக்கட்டுதாரர்களின் வழக்கம். இங்கோ திறக்கவேண்டாம் என்று அவர்கள் மன்றாட நேர்ந்தது. பாசனத்திற்கென்று கட்டிய அணைக்கு இதைவிடக் கேடு வேறென்ன வேண்டும்?

சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004-ம் வருஷத்தில் 28,596 பேருக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் நஷ்டஈடு நிர்ணயித்தது. ஆயக்கட்டுதாரர் சங்கத்தார் தொடர்ந்த வழக்கில் சென்னை ஹைக்கோர்ட்டு 2006-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி தீர்ப்பளித்தது; 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு அதனை உறுதி செய்தது. உத்தரவு நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி ஹைக்கோர்ட்டு கட்டளையிட்டது. பின்னர், கழிவை வெளியே விடாமல் நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் உபயோகிக்கும் ஏற்பாட்டுடனேயே பட்டறைகள் திறக்கப்பட்டன. இது பாராட்டத்தக்க ஏற்பாடே. எனினும் முன்னரே மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்பை எந்தக் கட்டளையும் திருப்பி அழைக்கமாட்டாது.

உப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம் என்பது நிர்ணயிக்கப்பட்ட வரம்பு. அந்த வரம்புக்கு உட்பட்ட நீரையே ஒரு ஏக்கரில் 2 அங்குலம் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். நீர் சுமார் 2,05,000 லிட்டர். அதில் உப்பு ஏறத்தாழ 430 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைகளில் எட்டுக்குமேல். பயிர் நீரை உறிஞ்சும். வெயில் நீரை ஆவியாக்கும். உப்போ பெரும்பகுதி வயலில் தங்கும். ஒரு தண்ணீருக்கே இவ்வளவு. பத்துத் தண்ணீரின் கணக்கை மிராசுதாரர்களே போட்டுக்கொள்ளலாம்.

உப்பில் உள்ள சோடியம் களிமண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பெயர்த்துத் தள்ளி, அவ்விடத்தில் தான் அமர்கின்றது. அதனால் மண்கட்டு உதிர்ந்து, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் ஓடுபோலவும் இறுகும். மழைநீரும் உள்ளே இறங்காது.

இத்தகைய நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, வரப்புயர்த்தி, நல்ல நீரைத் தேக்கி வடிக்கவேண்டும். பின்பு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். ஜிப்சத்தின் அளவை மண் பரிசோதனைக்குப் பின்னரே தீர்மானித்தல் வேண்டும். அண்டை வீட்டான் இட்ட அளவைக் கேட்டு இடுவது வீண் செலவு. நல்ல நீரும் வடிகாலும் இல்லாவிடத்தில் ஜிப்சத்தால் மட்டும் பயனில்லை. வடிக்கும் உப்புநீர் அடுத்தவன் காட்டில் இறங்குமாயின், நோய் இடம் மாறியதேயன்றித் தீர்ந்ததாகாது. ஆகவே வடிகாலைத் தனி ஒருவராக அன்றி, ஓடைக்கரை நிலக்காரர் யாவரும் கூடி அமைத்தலே முறை. ஓடைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு நேராமல் காப்பது கிராம அதிகாரிகளின் பொறுப்பு. குப்பையையும் வீட்டுச் சாக்கடையையும் ஓடையில் விடும் ஊரார், பட்டறைக்காரரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

கிணற்றுநீரைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் பரிசோதித்தல் அவசியம். பம்பைச் சுமார் அரைமணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பலமுறை அலசிய புட்டியில் ஒரு லிட்டர் பிடித்து, சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், தேதி, பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றிப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பவேண்டும். ஓடையில் நிறமோ நாற்றமோ தென்பட்டால், இடத்தையும் மணியையும் அன்றே குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். இரவில் விடப்படும் கழிவு விடியுமுன் கடந்துபோய்விடுமாதலால், அந்நேரத்திலேயே பிடித்த ஒரு புட்டி நீர் பத்து மனுக்களைவிட உபயோகமாகும்.