ஏற உரிமை உண்டு, விழுந்தால் ஈடு?

தெற்குக் கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் பரந்து கிடக்கிறது ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. 1994-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இதன் பெரும்பகுதி, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனிதக் கட்டுமானம் புகாமல் காக்கப்படும் இயற்கைவெளி. அங்கே போட்ட பாதையை விட்டு விலகி, பாறைகளில் கையும் காலும் ஊன்றித் தொற்றி ஏறத் தடையில்லை. பூங்காவின் மிக உயரமான குவெயில் மலையின் உச்சிக்கு (சுமார் 1,770 மீட்டர்) அமைக்கப்பட்ட பாதையே கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம் என்பதால், அந்தப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் செல்கின்றன. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நிலத்தை அப்படியே விட்டுவைக்கச் சொல்லும் சட்டம், கைப்பிடிக் கம்பியையும் எச்சரிக்கைப் பலகையையும் அங்கே எதிர்பார்க்க விடுவதில்லை. எனவே விபத்துக்குப் பிறகு கிடைக்கும் பரிகாரம் மிகக் குறைவு. வேண்டிய பாதுகாப்பைக் கிளம்புமுன்பே நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஆபத்து பெரும்பாலும் உச்சியில் இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது. ஏறும்போது பிடிமானம் கண்ணெதிரே தெரியும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் உடலுக்கு அடியில் மறைந்துவிடும். இங்குள்ள கரடுமுரடான பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, சரிவெங்கும் பருமணலாகப் படிந்திருக்கிறது. கேழ்வரகைக் கொட்டிவைத்த சாய்தளம்போல அது காலடியில் உருளும். அதற்குள் நண்பகல் வெயிலும் சேர்ந்துகொள்ளும். பாலைக்காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதே தெரியாது. பூங்காவின் உட்பகுதியில் குடிநீர் கிடைக்காது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர், கடும் நடையென்றால் 8 லிட்டர் வரை எடுத்துச் செல்லப் பூங்கா நிர்வாகம் சொல்கிறது. 8 லிட்டர் என்றால் முதுகில் 8 கிலோ. அதைச் சுமந்துகொண்டு பாறையில் தொற்ற முடியாதவர் அந்தச் சிகரத்தை அன்று விட்டுவிடுவதே நல்லது.

சரி, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு? கூட்டாட்சி அரசு ஊழியரின் கவனக்குறைவால் காயமடைந்தவர் இழப்பீடு கோரத் தனிச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய துறையிடம் எழுத்து மூலம் கோர வேண்டும். ஆனால் எங்கே பலகை வைப்பது, எந்த இடத்தைத் திறந்துவிடுவது போன்ற கொள்கை முடிவுகளுக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. பாதையற்ற பாறையில் வழுக்கியவரின் வழக்கு பெரும்பாலும் அந்த விலக்கில்தான் முட்டி நிற்கும். தேசியப் பூங்காத் துறை தேடுவதற்கும் மீட்பதற்கும் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. மருத்துவ ஹெலிகாப்டருக்கும் மருத்துவமனைக்கும் பில் தனியாக வரும். அமெரிக்க மருத்துவக் காப்பீடு உள்ளவர்களை, காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இல்லாத வான்வழி ஆம்புலன்ஸின் எதிர்பாராத கூடுதல் பில்லிலிருந்து 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் காக்கிறது. சுற்றுலா விசாவில் வந்த பெற்றோரின் பயணக் காப்பீட்டை அதில் சேர்த்து எண்ணக்கூடாது. மலையேற்றம், சாகச விளையாட்டு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டா என்று அந்தப் பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

“கையில் போன் இருக்கிறதே” என்பார்கள். பூங்காவின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழி அவசர அழைப்புக்கும் திறந்த வானம் வேண்டும். பாறை இடுக்கில் அதுவும் தடுமாறும். அழைப்பு போய்ச் சேர்ந்தாலும் ஆட்கள் வந்துசேர மணிக்கணக்காகலாம். 2010-இல் இந்தப் பூங்காவில் தனியாக நடக்கச் சென்று காணாமற்போன ஒருவரின் எச்சங்கள் 2022-இல்தான் கிடைத்தன. “என் உயிர், என் விருப்பம்” என்ற வாதமும் முழு உண்மையல்ல. தேடிவரும் தன்னார்வலர்களும் அதே பாறையில்தான் இறங்க வேண்டும். நிலத்துக்கும் சேதம் உண்டு: மண்ணின் மேலே கறுத்துத் தெரியும் உயிருள்ள படலம் ஒரு மிதியில் நொறுங்கினால், மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அப்படியானால் தடைசெய்துவிடலாமே என்றால், அதுவும் தீர்வாகாது. கவனமாக நடப்பவரின் உரிமையைப் பறிக்கும் அந்தத் தடையை, இவ்வளவு பரந்த நிலத்தில் காவல் வைத்து நிறைவேற்றவும் முடியாது.

ஆகவே முன்னேற்பாடுதான் உண்மையான பரிகாரம். போகும் வழி, வண்டி நிற்கும் இடம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும் என்பவற்றை எழுதி, நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். சொன்ன வழியை நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் தேடுபவர்கள் வேறு மலையில் தேடிக்கொண்டிருப்பார்கள். உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும், குறித்த நேரம் வந்தால் திரும்புங்கள். தண்ணீரில் பாதி தீர்வதற்குள் திரும்பத் தொடங்குங்கள். இறங்கத் தெரியாத பாறையில் ஏறாதீர்கள். உடன் வந்தவர் பேச்சுக் குழறித் தடுமாறினால் வெப்பத்தாக்கு எனக் கொண்டு, நிழலில் கிடத்தி, உடையை நனைத்து விசிறி, உடனே உதவி கோருங்கள்; நினைவு தப்புகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இவற்றில் எதையும் சட்டம் உங்களுக்காகச் செய்து தராது. செய்யாமல் விட்டதற்கு எந்த நீதிமன்றமும் ஈடு தராது.