குடத்தைக் குலுக்கிய ஊர்

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில் சென்றால் உத்திரமேரூர் வரும். வழியெல்லாம் நெல் வயல்கள், ஏரிக்கரைகள், பனைமரங்கள். கடைத்தெருவை ஒட்டி வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் கருங்கல் சுவர்களில் ஓர் ஊரின் சட்டமே செதுக்கப்பட்டிருக்கிறது. முதல் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அவை. 'குடவோலை' என்று உங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஒளிந்திருக்கும் பௌதிகத்தைச் சற்றுப் பார்ப்போமா?

முதலில் முறையைத் தெரிந்துகொள்வோம். ஊரில் முப்பது குடும்புகள் இருந்தன. குடும்பு என்றால் இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலை நறுக்குகளில் எழுதி, ஒரு கட்டாகக் கட்டி, அதன்மேல் குடும்பின் பெயரைக் குறித்த வாயோலையைச் சேர்த்துக் குடத்தில் இடுவார்கள். ஊர்ச்சபை முழுவதும் கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். சிறுவன் மீண்டும் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தனோ ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும்! அவர் படித்த பிறகு நம்பிமாரும் அதையே வாங்கிப் படிப்பார்கள். இப்படிக் குடும்புக்கு ஒருவராக முப்பது பேர்.

விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? இடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடக் கூடாதல்லவா? இந்த விதியை எழுதியவர் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்.

இனிக் குலுக்கலுக்கு வருவோம். வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடிப் பாட்டிலின் அடியில் ஒரு கொட்டைப்பாக்கைப் போட்டு, மேலே பாதியளவு அரிசியைக் கொட்டுங்கள். பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து மேலும் கீழுமாகக் குலுக்குங்கள். சிறிது நேரத்தில் பாக்கு மேலே வந்து எட்டிப் பார்க்கும்! ஒவ்வொரு குலுக்கலிலும் பாக்கின் அடியில் சிறு இடைவெளிகள் உண்டாகின்றன. அரிசி அவற்றில் எளிதில் நழுவி விழுகிறது. பெரிய பாக்கு அப்படி இறங்க முடியாது. ஆகவே படிப்படியாக உயர்கிறது. குலுக்கினால் எல்லாம் கலந்துவிடும் என்று நாம் எண்ணுவது எப்போதும் சரியல்ல. சில சமயம் பிரிந்தும் போகும்.

உத்திரமேரூர்க் குடத்தில் இது நடந்திருக்காதா? பெரிய குடும்பின் கட்டு தடிமனாக இருந்தால் முதலில் கைக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் முப்பது கட்டுகளிலிருந்தும் ஒவ்வொருவர் வரத்தான் போகிறார். எந்தக் கட்டு முதலில் வந்தால் என்ன? பெயரைத் தீர்மானிக்கும் இரண்டாவது குலுக்கலிலோ தனித்தனி நறுக்குகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றை ஒரே அளவாக நறுக்கிவிட்டால் போதும்.

கலப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. வியட்நாம் போருக்கு இளைஞர்களைச் சேர்க்க 1969 டிசம்பர் 1 அன்று அங்கே ஒரு குலுக்கல் நடந்தது. ஆண்டின் 366 பிறந்த தேதிகளையும் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் இட்டார்கள். ஜனவரி முதல் வரிசையாகப் பெட்டியில் போட்டு, சரியாகக் கலக்காமலே கண்ணாடி ஜாடியில் கொட்டிவிட்டார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் அளவுக்கு மீறி முன்னதாகவே வந்தன. முன்னால் வந்தால் முதலில் போர்க்களம். டிசம்பரில் பிறந்த குற்றத்துக்கா? கணக்கியலார் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த குலுக்கலில் முறை மாறியது.

உத்திரமேரூராரும் முறையை மாற்றியவர்களே. 919-இல் வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று வைத்தவர்கள், இரண்டே ஆண்டில் 35-க்கு மேல் 70-க்குள் என்று திருத்தினார்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு, கல்வி ஆகியவை வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் கூடாது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டுமா? அவருடைய தந்தை, உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை பிள்ளை வரை ஒருவர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது!

இதை 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மேடையில் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊர். உழுதவர் பெயரோ, பெண்கள் பெயரோ குடத்துக்குள் போகவில்லை. நடந்ததும் வாக்கெடுப்பல்ல, குலுக்கல். ஆயினும் பதவியில் இருந்தவனிடம் கணக்குக் கேட்ட அந்தத் துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். இந்த ஆறு பேர் வேலை லேசானதல்ல. வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலக் கல்வெட்டுகள் சொல்லும் பெரிய ஏரி இவ்வூருடையது. ஓடிவரும் நீர் மண்ணைச் சுமந்து வருகிறது. ஏரியில் பரவியதும் வேகம் குறைகிறது. பருமணல் வாய்க்கால் முகத்திலேயே படிந்துவிடும். நுண்ணிய களிமண் துகள்கள் மெல்ல மெல்ல மிதந்து மதகு வரை சென்று படியும். ஆண்டுதோறும் தூர் வாராவிட்டால் ஏரி மேடாகிவிடும். அதற்காகப் பொன் கொடுத்து, அதன் வட்டியில் தூர் வாரச் செய்த கல்வெட்டுகளும் இங்கே உள்ளன. வாரிய வண்டல் வயலுக்கு நல்ல உரம்.

உரம் என்றதும் பக்கத்து வேடந்தாங்கல் நினைவுக்கு வருகிறது. அங்கே ஏரியில் கூடு கட்டும் நாரைகளும் நீர்க்காகங்களும் இடும் எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய. அந்த நீர் பாய்ந்த வயலில் பயிர் செழிக்கும். அதனால்தான் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைய இருக்கும். காலையில் அவற்றைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் உத்திரமேரூர் வந்தால் கல்வெட்டு எழுத்துகளை நிதானமாகப் பார்க்கலாம். தடவிப் பார்க்க ஆசையாக இருக்கும். கையை மட்டும் வைக்காதீர்கள்.