ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் இடையில்

நுரையீரல் புற்றுநோய் முதல் நிலையிலேயே கண்டறியப்பட்டு, கட்டி இருந்த மடல் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட பிறகும், முன்பே பிரிந்து இரத்தத்திலோ நிணநீரிலோ கலந்த நுண்ணிய செல்கள் எந்த ஸ்கேனிலும் தென்படாமல் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், முழுதும் குணமாகிவிட்டதென்று மருத்துவர்கள் உடனே உறுதி கூறுவதில்லை. நோய் திரும்புதல், அதாவது மீள்வரவு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிகழ்வதால், அக்காலத்தில் பொதுவாக ஆறு மாதத்துக்கொரு முறையும் பின்னர் ஆண்டுக்கொரு முறையும் மார்பு சி.டி. ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. காசநோயின் பழைய தழும்புகள் பரவலாக உள்ள இந்தியாவில், ஸ்கேனில் தெரியும் சிறு முடிச்சுகளெல்லாம் புற்று அல்ல. மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்வது, முடிச்சு வளர்கிறதா என்று அறிவதற்கான முறையே தவிர அலட்சியம் ஆகாது.

நோயின் போக்கு பற்றிய இந்த ஐயத்தை எவராலும் முற்றிலும் நீக்க இயலாது. ஆனால் நோய் எந்த நிலையில் இருந்தது, வெட்டு விளிம்பில் செல்கள் காணப்பட்டனவா, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்ததா என்பவை மருத்துவமனைத் தாள்களில் ஏற்கெனவே எழுதப்பட்டவை. அவற்றை அறியாமல் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஒரு குடும்பம் தவிப்பது வீண் தவிப்பு. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அவற்றை மூன்று ஆண்டுகள் வரையே பாதுகாக்க வேண்டும் என்று அதே விதி கூறுவதாலும், கண்காணிப்பு அதைவிட நீள்வதாலும், திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலும் ஸ்கேன் குறுந்தகடும் நோயாளியின் வீட்டிலேயே இருத்தல் நல்லது. கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் ஆதலால், தகவல் மறுக்கப்பட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு அளிக்கலாம்; பதிலுக்கான கெடு 30 நாள். இந்த உரிமை முதலில் நோயாளிக்கே உரியது. 'கட்டி எடுத்தாச்சு' என்பதோடு நிறுத்தி நோயின் பெயரை அவரிடமே மறைக்கும் வீடுகளில், மறு பரிசோதனைக்குப் போக வேண்டிய காரணமும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

செலவில் ஓர் இடைவெளி உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சையையும் வீடு திரும்பிய பின் 15 நாள் செலவையும் ஏற்கிறது. புறநோயாளியாக எடுக்கும் ஆறாம் மாத ஸ்கேன் அதில் அடங்காது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பணிபுரிவோர் போல ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களுக்கு, புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு இரண்டு ஆண்டுகள் வரை ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நோய் திரும்பியது என்பதே மருத்துவக் கவனக்குறைவுக்குச் சான்றாகாது. எனினும் கட்டணம் பெற்ற மருத்துவமனை அறிக்கையை மறைத்திருந்தாலோ தவறாகப் படித்திருந்தாலோ, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

சளியில் இரத்தம், விடாத எலும்பு வலி, புதிய தலைவலி, காரணமற்ற எடைக் குறைவு ஆகியவை தோன்றினால், குறித்த தேதிவரை காத்திராமல் மருத்துவரைக் காண வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்வோர், பழைய அறுவை சிகிச்சையையும் அங்கே சொல்லியாக வேண்டும். ஸ்கேன் நாள் நெருங்க நெருங்க உறக்கம் கெடுவது பலருக்கும் நேர்வதே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கான சிகிச்சையையும் உரிமையாக்கியிருக்கிறது. டெலி மனஸ் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.