கப்பி நடத்தும் வகுப்பு

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் மீன் கப்பி. ஆணுக்கு உடம்பெங்கும் ஆரஞ்சும் கறுப்பும் நீலமுமாகப் பொட்டுகள். பெண் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம். முட்டையிடாது, குட்டி போடும். பிளஸ் டூ முடித்து, சூழலியல், பரிணாமம், உயிரினப் பாதுகாப்பு என்று படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு முதலில் எந்த உயிரைக் காட்டலாம் என்று கேட்டால், யானையையும் புலியையும் விட்டுவிட்டு இந்த மீனைத்தான் காட்டுவேன்.

நம் இளநிலை விலங்கியல் வகுப்புகளில் இந்த மூன்றும் பெரும்பாலும் தனித்தனித் தாள்கள். பரிணாமம் என்றால் லாமார்க், டார்வின். சூழலியல் என்றால் உணவுச் சங்கிலி. பாதுகாப்பு என்றால் சரணாலயங்களின் பட்டியல். ஒன்று மற்றொன்றை எப்படி இழுக்கிறது என்பது தெரியாமலே பட்டம் கைக்கு வந்துவிடுகிறது. இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

கப்பியின் பூர்வீகங்களுள் ஒன்று கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவு. அதன் வடக்கு மலைத்தொடரில் இறங்கும் ஓடைகளை அருவிகள் துண்டாடுகின்றன. அருவிக்குக் கீழே பைக் சிக்லிட் என்ற வேட்டை மீன் வளர்ந்த கப்பிகளையே விழுங்கும். அந்த வேட்டை மீனால் அருவி ஏற முடிவதில்லை. மேலே இருப்பது ரிவுலஸ் என்ற சிறு மீன். அது பெரும்பாலும் குட்டிகளைத்தான் பிடிக்கும். எந்நேரமும் உயிர் போகலாம் என்ற நிலையில் கீழே உள்ள கப்பிகள் சீக்கிரமே பருவமடைந்து, சிறு சிறு குட்டிகளாக நிறையப் போடுகின்றன. மேலே உள்ளவை நிதானமாக வளர்ந்து, பெரிய குட்டிகளாகச் சிலவற்றை மட்டும் போடுகின்றன. ஆண்களின் நிறமும் மேலே பளிச்சென்று இருக்கும், கீழே மங்கலாக இருக்கும்.

1976-இல் ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர், வேட்டை மீன் உள்ள இடத்திலிருந்து 200 கப்பிகளைப் பிடித்து, அதுவரை கப்பியும் பைக் சிக்லிட்டும் இல்லாத ஓர் ஓடையில் விட்டார். இரண்டே ஆண்டில் ஆண்களின் பொட்டுகள் எடுப்பாகிவிட்டன. டேவிட் ரெஸ்னிக்கும் சக ஆய்வாளர்களும் அந்த மீன்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளுக்குள், பருவமடையும் வயதும் குட்டிகளின் அளவும்கூட மேல் ஓடை மீன்களைப் போல மாறியிருந்தன. 1990-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது.

மாணவர் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. புது ஓடையில் தீனி வேறு, வெயில் வேறு. மீன் மாறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாமே? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, இரண்டு இடத்து மீன்களையும் ஆய்வகத்தில் ஒரே மாதிரித் தண்ணீரில், அளந்து போட்ட ஒரே தீனியில் இரண்டு தலைமுறை வளர்த்தார்கள். பேரக்குட்டிகளிடமும் வேறுபாடு அப்படியே இருந்தது. மாற்றம் மரபணுவில் இறங்கியிருக்கிறது என்று அப்புறம்தான் சொன்னார்கள். முடிவை மனப்பாடம் செய்வதைவிட இந்தச் சந்தேகத்தைக் கற்றுக்கொள்வது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

2008-இலிருந்து ரெஸ்னிக் குழு நான்கு ஓடைகளில் கப்பிகளை விட்டு மாதாமாதம் எண்ணியது. இளம் உதவியாளர்கள் பலர் இதில் பாடுபட்டார்கள். கைவலையால் பிடித்து, மயக்கமருந்து கலந்த நீரில் விட்டு, அளந்து, தோலுக்கடியில் வண்ணப் பசையை ஊசியால் ஏற்றி அடையாளம் வைப்பார்கள். டிஎன்ஏவுக்காக இரண்டு மூன்று செதில்களை எடுத்துக்கொண்டு, பிடித்த மடுவிலேயே திரும்ப விடுவார்கள். அந்தச் செதில்களிலிருந்து எந்த மீன் எதன் பிள்ளை என்ற வம்சாவளியே கிடைத்தது. மாற்றம் மீனோடு நிற்கவில்லை. அருவிக்கு மேல் வாழும் வகையையும் கீழ் வகையையும் செயற்கை ஓடைகளில் தனித்தனியே விட்டுப் பார்த்தபோது பாசியின் அளவும் பூச்சிகளின் எண்ணிக்கையும் வேறுபட்டன. சூழல் மீனை மாற்றுகிறது, மாறிய மீன் சூழலை மாற்றுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். கொசுப்புழுவைத் தின்னும் என்று நம்பி இதே கப்பியைக் கிணற்றிலும் குட்டையிலும் வாய்க்காலிலும் விடுகிறோம். விந்தணுவைப் பல மாதம் உடலுக்குள் சேமித்துவைக்கும் மீன் இது. கருவுற்ற ஒற்றைப் பெண் போதும், ஒரு கூட்டமே உருவாகிவிடும் என்று டிரினிடாட்டில் தொட்டிகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சில ஆண்டுகளில் தன்னை மாற்றிக்கொள்ளவும் வல்லது. இப்படிப்பட்டதைப் பொதுநீரில் விடுமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டாமா? தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் நம் நாட்டுச் சிறு மீன்களும் கொசுப்புழுவைத் தின்பவைதான்.

இந்தத் துறைக்கு வர விரும்பினால், காட்டுயிரியலை உதகை அரசு கலைக் கல்லூரி, மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி போன்ற இடங்களில் படிக்கலாம். கணக்குக்குப் பயந்து உயிரியல் எடுத்தவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே கணக்கு கட்டாயம் வேண்டும். ஒரு குட்டையில் 50 மீன் பிடித்து அடையாளமிட்டு விடுகிறீர்கள். சில நாள் கழித்து 40 பிடித்தால் அதில் 10-இல் அடையாளம் இருக்கிறது, அதாவது கால்பங்கு. அப்படியானால் குட்டையில் சுமார் 200 மீன் இருக்கும். இடையில் எதுவும் சாகவில்லை, புதிதாக வரவில்லை, அடையாளமிட்ட மீன் வலைக்கு மிரளவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு சரி. மூன்றில் எது உடைந்திருக்கிறது என்று பார்க்க, மறுபடி குட்டைக்குப் போயாக வேண்டும்.