முழு அதிர்வுத்தாங்கி மலை மிதிவண்டி: தேர்வும் அளவும்

முழு அதிர்வுத்தாங்கி மலை மிதிவண்டி என்பது முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டிற்கும் அதிர்வுத்தாங்கி (சஸ்பென்ஷன்) பொருத்தப்பட்ட மலை மிதிவண்டி ஆகும். முன்சக்கரத்திற்கு மட்டும் அதிர்வுத்தாங்கி உள்ள வண்டி ஹார்ட்டெயில் எனப்படும். ஏற்றம், இறக்கம், வேர்கள், பாறைகள், மணல் எனப் பலவகைப் பாதைகளில் ஒரே வண்டியை ஓட்ட விரும்புவோர் முழு அதிர்வுத்தாங்கி வண்டியைத் தேர்ந்தெடுக்கின்றனர். இத்தேர்வில் இரண்டு முடிவுகள் முதன்மையானவை. ஒன்று, அதிர்வுத்தாங்கியின் நகர்வு நீளம். மற்றொன்று, சட்டகத்தின் அளவு. டயர், கைப்பிடி, இருக்கை ஆகியவற்றைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். சட்டகம் உடலுக்குப் பொருந்தாவிட்டால் வண்டியையே மாற்ற வேண்டும்.

வரலாறு

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மரின் பகுதி இளைஞர்கள், தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளை மலைப்பாதைகளில் ஓட்டத் தொடங்கினர். 1976இல் ஃபேர்ஃபேக்ஸ் என்னும் ஊருக்கு அருகே இவர்கள் நடத்திய இறக்கப் போட்டி 'ரீபேக்' எனப் பெயர் பெற்றது. அக்கால வண்டிகளின் பின்சக்கரக் குடத்திலேயே பிரேக் அமைந்திருந்தது. நீண்ட இறக்கத்தில் அது சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் எரிந்துவிடும். மீண்டும் கிரீஸ் நிரப்பிய பிறகே வண்டியை ஓட்ட முடியும். மறுபடி நிரப்புதல் என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது.

1977இல் ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கென்றே தனிச் சட்டகம் ஒன்றை உருவாக்கினார். அவ்வண்டிகளில் அதிர்வுத்தாங்கி இல்லை. ஓட்டுபவரின் கை, கால் மூட்டுகளே அதிர்ச்சியைத் தாங்கின. 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பின் முன்கவை (ஃபோர்க்) அதிர்வுத்தாங்கிகள் பரவலாயின. 1990களில் பின்சக்கரத்திற்கும் அவை பொருத்தப்பட்டன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது.

செயல்படும் முறை

அதிர்வுத்தாங்கியில் இரண்டு பகுதிகள் உண்டு. சுருள்வில் அல்லது அடைக்கப்பட்ட காற்று அதிர்ச்சியின் ஆற்றலை ஏற்றுக்கொள்கிறது. எண்ணெய் நிரம்பிய தணிப்பி அந்த ஆற்றலை மெல்ல வெப்பமாக மாற்றுகிறது. தணிப்பி இல்லாவிட்டால் வண்டி பந்துபோலத் துள்ளிக்கொண்டே இருக்கும்.

அதிர்வுத்தாங்கியின் நோக்கம் வசதி மட்டுமன்று. மேடுபள்ளங்களில் சக்கரம் தரையைவிட்டு எழாமல் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும், வண்டி திரும்பும், ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்காது. மறுபுறம், மிதிக்கும்போது பின்பகுதி மேலும் கீழும் ஆடுவதால் ஓட்டுபவரின் உழைப்பில் ஒரு பகுதி வீணாகலாம். இதைக் குறைக்கவே பின்பகுதியின் இணைப்புத் தண்டுகள் பல்வேறு முறைகளில் வடிவமைக்கப்படுகின்றன. பல வண்டிகளில் ஏற்றத்தின்போது அதிர்வுத்தாங்கியை இறுக்கும் நெம்புகோலும் இருக்கும்.

நகர்வு நீளமும் வண்டி வகைகளும்

சக்கரம் எவ்வளவு தூரம் மேலெழ இயலும் என்பதே நகர்வு நீளம். இது மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. இன்றைய வண்டிகள் பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன:

• கிராஸ் கன்ட்ரி: 100 முதல் 120 மி.மீ. எடை குறைவு, நீண்ட தூரத்திற்கும் ஏற்றத்திற்கும் ஏற்றது.
• டிரெயில்: 120 முதல் 150 மி.மீ. ஏற்றம், இறக்கம் இரண்டிற்கும் பொதுவானது.
• எண்டூரோ: 150 முதல் 180 மி.மீ. கடினமான இறக்கத்திற்கு முதலிடம், ஏற்றத்தில் மெதுவானது.
• டவுன்ஹில்: சுமார் 200 மி.மீ. இறக்கத்திற்கு மட்டுமே, மேலே செல்ல வாகனமோ இழுவைக் கம்பியோ வேண்டும்.

நகர்வு நீளம் கூடினால் வண்டி சிறந்தது என்று எண்ணுவது பரவலான தவறு. நீளம் கூடும்போது எடையும் கூடுகிறது; முன்கவை மேலும் சாய்வாக அமைகிறது; சமதரையில் வண்டி மந்தமாக நகர்கிறது. மென்மையான காட்டுப்பாதையில் 170 மி.மீ. வண்டியை ஓட்டுபவர், பயன்படாத எடையை நாள் முழுவதும் சுமக்கிறார். மாறாக, பெரும் பாறைப்படிகளில் 100 மி.மீ. வண்டியை ஓட்டுபவர் விரைவில் களைத்து, பிழை செய்யும் வாய்ப்பு கூடுகிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் நகருக்கு அருகிலுள்ள 'ஹோல் என்சிலாடா' பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லா சால் மலையில் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள பர்ரோ கணவாயிலிருந்து, சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் ஓடும் கொலராடோ ஆறு வரை இப்பாதை இறங்குகிறது. மேலே வேர்கள் நிறைந்த காடு, இடையில் புதர்நிலம், கீழே மணற்பாறைப் படிகள். நடுவே மிதித்து ஏற வேண்டிய பகுதிகளும் உண்டு. இத்தகைய பாதைக்கு 140 முதல் 160 மி.மீ. வரையுள்ள வண்டி பொருந்தும்.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அங்கு செல்பவர், வாரந்தோறும் தம் ஊரின் மென்மையான பாதையில் ஓட்டுபவராக இருந்தால், 120 அல்லது 130 மி.மீ. வண்டியே அவருக்கு ஏற்றது. கடினமான பாதைக்குச் செல்லும் நாளில் வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி ஓட்டும் பாதையே வண்டியைத் தீர்மானிக்க வேண்டும். அப்பாதை பெரும்பாலும் சமமான மண்சாலை எனில், அதே விலையில் தரமான பிரேக்கும் பற்சக்கரங்களும் கொண்ட ஹார்ட்டெயிலே சிறந்த தேர்வாகும்.

சக்கர அளவு

தொடக்கத்தில் 26 அங்குலச் சக்கரங்களே வழக்கில் இருந்தன. இப்போது 29 அங்குலமும் 27.5 அங்குலமும் பயன்படுகின்றன. 29 அங்குலச் சக்கரம் தடைகளை எளிதாக ஏறிக் கடக்கும். 27.5 அங்குலச் சக்கரம் விரைவாகத் திரும்பும். செங்குத்து இறக்கத்தில் உயரம் குறைந்தவரின் உடல் பின் டயரில் உரசும் வாய்ப்பும் குறைவு. முன்னே 29, பின்னே 27.5 அங்குலம் என அமைந்தவை மல்லெட் வண்டிகள் எனப்படுகின்றன.

சட்டக அளவைக் கண்டறிதல்

ஸ்மால், மீடியம், லார்ஜ் என்னும் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் மற்றொன்றின் லார்ஜ் அளவில் இருக்கலாம். ஆகவே பெயரை விட்டு, வடிவ அளவுப் பட்டியலில் உள்ள எண்களைப் பார்க்க வேண்டும்.

ரீச்: மிதிகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு வரைந்தால், அக்கோட்டிலிருந்து தலைக்குழாயின் மேல்முனை வரையுள்ள கிடைமட்டத் தூரம். நின்றுகொண்டு ஓட்டும்போது வண்டி எவ்வளவு நீளமாக உணரப்படும் என்பதை இது காட்டுகிறது. இறக்கத்தில் பெரும்பாலும் நின்றே ஓட்டுவதால் இது முதன்மையான அளவு.

ஸ்டாக்: அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான செங்குத்து உயரம். கைப்பிடி எவ்வளவு உயரத்தில் அமையும் என்பதை இது தீர்மானிக்கிறது.

மேற்குழாயின் கிடைமட்ட நீளம்: இருக்கையில் அமர்ந்து மிதிக்கும்போது கைப்பிடி எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதை இது காட்டுகிறது. ரீச் சமமாக உள்ள இரு வண்டிகளில், இருக்கைக் குழாய் செங்குத்தாக உள்ள வண்டி அமர்ந்த நிலையில் குறுகலாகத் தோன்றும்.

இருக்கைக் குழாயின் நீளம்: டிராப்பர் எனப்படும் இருக்கைத் தண்டு, பொத்தானை அழுத்தினால் இருக்கையைக் கீழிறக்கும். குழாய் நீளமாக இருந்தால், குட்டையான கால் உடையவருக்கு நீண்ட டிராப்பர் பொருந்தாது.

உயரம் மட்டும் போதாது. உடலமைப்பையும் கருத வேண்டும். 173 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு நீண்ட கால்களும் குறுகிய மேலுடலும் இருக்கலாம்; மற்றவருக்கு நேர்மாறாக இருக்கலாம். முதலாமவர் ரீச் குறைந்த சட்டகத்தில் இருக்கையை உயர்த்தி ஓட்டலாம். இரண்டாமவருக்கு ரீச் மிகுந்த, இருக்கைக் குழாய் குட்டையான சட்டகம் பொருந்தும்.

இரு அளவுகளுக்கு இடைப்பட்டவர், திருப்பங்கள் மிகுந்த பாதைகளில் ஓட்டுபவர் எனில் சிறியதையும், வேகமான நேர் இறக்கங்களில் ஓட்டுபவர் எனில் பெரியதையும் தேர்வு செய்வது வழக்கம். சட்டகம் மிக நீளமாக இருந்தால் முன்சக்கரத்தின்மேல் உடல் எடை விழாது. திருப்பத்தில் அது வழுக்கும். மிகக் குறுகலாக இருந்தால் செங்குத்து இறக்கத்தில் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாக முன்னே தூக்கி எறியப்படும் ஆபத்து கூடும். கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றிச் சிறு வேறுபாட்டைச் சரிசெய்யலாம். பெரிய பிழையை அவ்வாறு திருத்த இயலாது.

ஓட்டிப் பார்த்தல்

வாங்கும் முன் வண்டியைச் சரிபார்க்கும் முறை:

1. தரையில் இரு கால்களையும் ஊன்றி, மேற்குழாயின் குறுக்கே நிற்க வேண்டும். உடலுக்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி தேவை.
2. இருக்கையில் அமர்ந்து, கீழ்நிலையில் உள்ள மிதியில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்.
3. மிதிகளின்மேல் நின்று, முழங்கை, முழங்கால்களை மடக்கிப் பார்க்க வேண்டும். உடல் முன்னும் பின்னும் தடையின்றி நகர வேண்டும்.
4. ஓர் ஏற்றத்திலும் ஓர் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடையின் முன்னுள்ள சமதரையில் ஓட்டுவது மட்டும் போதாது.

தொய்வைச் சரிசெய்தல்

ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் அதிர்வுத்தாங்கி சற்றுத் தாழ்கிறது. இது தொய்வு எனப்படும். பின்பகுதியில் 25 முதல் 30 விழுக்காடும், முன்கவையில் 15 முதல் 20 விழுக்காடும் டிரெயில் வண்டிக்குப் பொதுவான அளவு. வண்டியின் கையேட்டில் வேறு அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பின்சக்கரத்தின் நகர்வு நீளம் 130 மி.மீ.; அதிர்வுத்தாங்கித் தண்டின் நகர்வு 50 மி.மீ. எனக் கொள்வோம். 130 ÷ 50 = 2.6 என்பது சராசரி நெம்பு விகிதம். 30 விழுக்காடு தொய்வைத் தண்டில்தான் அளக்க வேண்டும்: 50 × 0.30 = 15 மி.மீ. சக்கர நகர்வைக் கொண்டு 39 மி.மீ. என்று கணக்கிட்டுத் தண்டில் அளந்தால் காற்றழுத்தம் மிகக் குறைவாக அமைந்துவிடும்.

தலைக்கவசம், காலணி, தண்ணீர்ப் பை ஆகியவற்றுடன் ஏறி, தண்டிலுள்ள ரப்பர் வளையத்தை அதன் அடைப்பு வரை தள்ளிவிட்டு, துள்ளாமல் அமர்ந்து, மெதுவாக இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும். வளையம் கூடுதலாக நகர்ந்தால் காற்றை ஏற்ற வேண்டும்; குறைவாக நகர்ந்தால் இறக்க வேண்டும். காற்றுவகைக்குத் தனிப் பம்பு போதும். சுருள்வில் வகையில் ஓட்டுபவரின் எடைக்கேற்ற வில்லையே மாற்ற வேண்டியிருக்கும்.

பராமரிப்பு

முழு அதிர்வுத்தாங்கி வண்டியில் தேயும் உறுப்புகள் அதிகம். பின்பகுதி மூட்டுகளின் பேரிங்குகளும், அதிர்வுத்தாங்கியின் எண்ணெயும் அடைப்பு வளையங்களும் குறித்த கால இடைவெளியில் மாற்றப்பட வேண்டும். சில நிறுவனங்கள் 50 மணிநேர ஓட்டத்திற்கு ஒருமுறை எளிய பராமரிப்பைப் பரிந்துரைக்கின்றன. பழைய வண்டி வாங்குபவர், பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து மூட்டுகளின் தளர்வையும், சட்டகத்தின் பற்றவைப்பு இடங்களில் விரிசலையும், முன்கவைத் தண்டுகளில் கீறலையும் பார்க்க வேண்டும். வாங்கும் தொகையைத் திட்டமிடும்போதே பராமரிப்புச் செலவையும் தலைக்கவசத்தின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.