திருட்டுப் போன கிட்டார் திரும்பி வந்தது!

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதி ஓரமாக, ஒரு பிரமாண்டமான மண்டபம் இருக்கிறது. பெயர் ஓ-2. அதில் சுமார் 20 ஆயிரம் பேர் கூடலாம். 2024-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி இரவு அங்கே ஒரு கச்சேரி நடந்தது.

பாடியவர் பால் மெக்கார்ட்னி. "பீட்டில்ஸ்" கோஷ்டியில் இருந்த நால்வரில் ஒருவர். அன்று அவருக்கு வயது 82.

கச்சேரிக்கு இடையே அவர் ஒரு பழைய கிட்டாரை எடுத்து வந்தார். வயலினைப் போல இடுப்பு வளைந்த கிட்டார். அதைக் கண்டதும் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். 50 வருடத்துக்குப் பிறகு அது மேடை ஏறுகிறது என்று பால் சொன்னார்.

அது வெறும் கிட்டார் அல்ல. திருட்டுப் போய்த் திரும்பி வந்த கிட்டார்!

30 பவுன் கிட்டார்

1961-ல் பால் ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரில் பாடிக்கொண்டிருந்தார். கையில் காசு இல்லாத காலம். சுமார் 30 பவுன் கொடுத்து இந்தக் கிட்டாரை வாங்கினார். அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். மற்றக் கிட்டார்களைத் திருப்பிப் பிடித்தால் கோணலாகத் தெரியும். இதற்கு இரண்டு பக்கமும் ஒரே வடிவம். எப்படிப் பிடித்தாலும் அழகாக இருக்கும். அதனால்தான் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பீட்டில்ஸ் பேர் வாங்கிய முதல் பாட்டுக்களில் ஒலிப்பது இந்தக் கிட்டார்தான்.

1972 அக்டோபரில் ஒரு நாள் இரவு, லண்டனில் நின்ற வேனில் இருந்து யாரோ இதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். திருடியவன் அதை ஒரு மதுக்கடைக்காரரிடம் தள்ளிவிட்டான். விலை என்ன தெரியுமா? சில பவுன் பணமும், குடிக்கக் கொஞ்சம் பீரும்! பிறகு அது ஒரு வீட்டுப் பரணில் தூங்கியது. உலகத்திலேயே பேர்போன கிட்டார், தலைக்கு மேலே பரணில்!

2023-ல் மூன்று ஆர்வலர்கள் சேர்ந்து, "இந்தக் கிட்டாரைப் பார்த்தீர்களா?" என்று உலகம் முழுவதும் கேட்டார்கள். துப்புக் கிடைத்தது. பரணில் இருந்து இறங்கி, பழுது பார்க்கப்பட்டு, சொந்தக்காரர் கைக்கே அது வந்து சேர்ந்தது. 30 வயதில் பறிகொடுத்ததை 82 வயதில் மேடையில் வாசித்தார்.

ஊதினால் பாட முடியாது

பால் பிறந்த ஊர் லிவர்பூல். இங்கிலாந்தில் உள்ள துறைமுக நகரம். தகப்பனார் பருத்தி வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பாட்டிலும் பிரியம் உள்ளவர். தாயார் மேரி ஒரு நர்சு.

பையனுக்குத் தகப்பனார் ஊதுகொம்பு வாங்கிக் கொடுத்தார். பையன் யோசித்தான். வாயில் கொம்பை வைத்து ஊதினால் எப்படிப் பாடுவது? அதைக் கொடுத்துவிட்டு ஒரு கிட்டாரை வாங்கிக்கொண்டான்.

1956-ல் தாயார் புற்றுநோயால் இறந்தார். அப்போது பாலுக்கு வயது 14. மறுவருடம் ஜூலை மாதம், ஒரு மாதாகோவில் திருவிழாவில், ஜான் லெனன் என்ற பையனைச் சந்தித்தார். ஜானுக்கு இவரைவிட இரண்டு வயது கூட. அதற்கு அடுத்த வருடம் ஜானின் தாயாரும் கார் மோதி இறந்துபோனார்.

தாயில்லாப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கட்டினார்கள். ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். உலகமே ஆடியது.

நம் நாட்டுக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டு. சிதார் மேதை ரவிசங்கரிடம் பாடம் கேட்டவர் ஜார்ஜ். 1968-ல் நால்வருமே ரிஷிகேசத்துக்கு வந்து தங்கினார்கள்.

கூச்சலில் மூழ்கிய பாட்டு

1965 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஒரு விளையாட்டு மைதானத்தில் பீட்டில்ஸ் கச்சேரி நடந்தது. 55 ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். கச்சேரி எவ்வளவு நேரம்? சுமார் அரை மணி நேரம். கூட்டம் போட்ட கூச்சலில் பாட்டே கேட்கவில்லை. பாடியவர்களுக்குத் தங்கள் குரலே காதில் விழவில்லை! இந்தக் கூத்துப் போதும் என்று 1966 ஆகஸ்டில் அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். 1970-ல் கோஷ்டியும் பிரிந்தது.

அந்த நாளில் கூச்சல் போட்ட பெண்கள் இன்று பாட்டிமார்கள். பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். அன்று கூச்சலில் கேட்காமல் போன பாட்டை இப்போது முழுசாகக் கேட்கிறார்கள்.

அரை மணி அல்ல. 80 வயதைத் தாண்டிய மனிதர் இரண்டரை மணி நேரம் பாடுகிறார்! நடுவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பது இல்லை. கிட்டார், பியானோ என்று மாறி மாறி வாசிக்கிறார். ஒரு பாட்டுக்கு மேடையில் நெருப்பு சீறுகிறது. வாணம் வெடிக்கிறது.

குரல் பழைய குரலா? இல்லை. மேலே போகும்போது கம்முகிறது. மெல்லிய இடங்களில் நடுங்குகிறது. "இந்த வயதில் எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது காதுக்கு நியாயம்தான். ஆனால் கூட்டம் குரலை எடை போடவா வருகிறது? தனக்குக் கல்யாணம் ஆன வருடத்தில் கேட்ட பாட்டை, அதைப் பாடியவர் வாயாலேயே ஒரு தடவை கேட்டுவிட வருகிறது. இன்னொரு தடவை கிடைக்குமோ, கிடைக்காதோ!

டிக்கெட் விலைதான் ஏழைக்கு எட்டாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய பாட்டு வந்தால் அரங்கம் முழுவதும் கைப்பேசி வெளிச்சம் மின்னுகிறது. புதுப் பாட்டு என்றால் இருட்டு. இதைச் சொல்லி மேடையில் அவரே கேலி செய்வார். சொல்லிவிட்டுப் புதுப் பாட்டையும் பாடுவார்!

இறந்தவரோடு ஜோடிப் பாட்டு

1980 டிசம்பர் 8-ந் தேதி நியூயார்க்கில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 40. ஜார்ஜ் 2001-ல் புற்றுநோயால் இறந்தார்.

ஜானிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்வதுபோல் பால் ஒரு பாட்டு எழுதினார். 1982-ல் வெளிவந்தது. கச்சேரியில் அதைப் பாடும்போது பக்கவாத்தியம் கிடையாது. ஒரு கிட்டாரோடு தனியாக நின்று பாடுகிறார்.

2022-ல் இன்னொரு அதிசயம் நடந்தது. 1969 ஜனவரி 30-ந் தேதி, லண்டனில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நால்வரும் சேர்ந்து பாடினார்கள். அந்தப் படச்சுருளில் இருந்து, பீட்டர் ஜாக்சன் என்ற பட டைரக்டர், ஜானின் குரலை மட்டும் தனியே பிரித்து எடுத்துக் கொடுத்தார். அதை வைத்துப் பால் மேடையில் பாடத் தொடங்கினார்.

அந்த ஆண்டு ஜூன் 25-ந் தேதி கிளாஸ்டன்பரி விழா. பாலுக்கு 80 வயது நிறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளியில் ஜனங்கள். ஒரு பாட்டின் நடுவே திரையில் ஜான் தோன்றினார். இளைஞர். காற்றில் தலைமயிர் பறக்கிறது. அவர் ஒரு அடி பாடினார். பால் ஒரு அடி பாடினார். பிறகு இருவரும் சேர்ந்து பாடினார்கள்.

அப்போது பால் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். திரையைப் பார்த்தபடி பாடினார். 80 வயதுக் கிழவர், 28 வயது நண்பனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் பலர் அழுதார்கள்.

ஓ-2 மண்டபத்தில் 2024-ல் அதோடு இன்னொருவரும் வந்தார். ரிங்கோ! அப்போது அவருக்கு வயது 84. மிஞ்சி இருக்கும் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ரிங்கோ முரசுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கொட்டினார். பால் பாடினார்.

பால் சிறுவனாக இருந்தபோது, 64 வயதில் தன் கதி என்ன ஆகுமோ என்று வேடிக்கையாக ஒரு பாட்டுக் கட்டினார். 64 தாண்டி 18 வருடம் ஆகியிருந்தது, அன்று இரவு.