மகுடம் வந்தது, மைதானம் எங்கே?

நாமக்கல்லில் இருந்து புறப்படும் லாரி எங்கெங்கே போகும் என்று எந்தக் கிளீனர் பையனைக் கேட்டாலும் விரல் மடக்கிச் சொல்வான். கொல்கத்தா போகும், கோவா போகும், கோழிக்கோடு போகும். மலை ஏறி ஷில்லாங் போகும். மணிப்பூரின் இம்பாலுக்கும் மிசோரத்தின் ஐசாலுக்கும் போகும். இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஸ்ரீநகர் வரை வண்டி ஓட்டிய டிரைவர்களும் நம் சங்ககிரியில் உண்டு, திருச்செங்கோட்டில் உண்டு.

இந்த ஊர்ப் பெயர்களை ஒருநாள் வரிசையாக எழுதிப் பார்த்தேன். வியந்து போனேன்! 2018 அக்டோபரில் தொடங்கி 2019 மார்ச்சில் முடிந்த ஐ-லீக் கால்பந்துப் பருவத்தின் ஊர்ப் பட்டியலும் ஏறக்குறைய இதுவேதான். நம் லாரி போய்வந்த ஊர்களுக்கெல்லாம் தமிழ்நாட்டுக் குழு ஒன்றும் போய்வந்தது. லாரி சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியது. அந்தக் குழுவோ, இந்தியாவின் மகுடத்தை ஏற்றிக்கொண்டு திரும்பியது!

குழுவின் பெயர் சென்னை சிட்டி. பெயர்தான் சென்னை, வீடு கோவை. சேலத்தில் பஸ் ஏறினால் சங்ககிரி, குமாரபாளையம், பவானி, பெருந்துறை, அவினாசி என்று ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கோவை நேரு விளையாட்டரங்கில் அந்தப் பருவம் முழுவதும் நம் பிள்ளைகள் ஆடினார்கள். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? வென்ற நாளில் நம் ஊரில் எத்தனை பட்டாசு வெடித்தது? கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

அதற்கு முந்தைய 2017-18 பருவத்தில் இதே குழு பத்துக் குழுக்களில் எட்டாவதாக வந்தது. எட்டாவது! சந்தையில் கடைசி வரிசையில் கட்டிய மாட்டை யார் விலை கேட்பார்கள்? சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அந்தக் குழுவைக் கையில் எடுத்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிவந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா என்ற நால்வர் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு தோளோடு தோள் நின்றார்கள் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், மைக்கேல் ரெஜின் முதலிய இளைஞர்கள்.

தொடக்க நாளிலேயே முழக்கம். 2018 அக்டோபர் 26-ஆம் நாள் இந்தியன் ஆரோஸ் குழுவை 4–1 என்று வீழ்த்தினார்கள். பிறகு கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை வென்றார்கள். அது 1920-இல் பிறந்த குழு. அதன் கொடியைக் கண்டால் வங்கமே எழுந்து நிற்கும். அதே ஈஸ்ட் பெங்கால் கோவைக்கு வந்தபோது மீண்டும் வென்றார்கள். பருவ முடிவில் கணக்கு இதுதான்: ஆடியது 20, வென்றது 13, சமநிலை 4, தோல்வி 3. அடித்த கோல் 48. அதில் மான்சி ஒருவரே 21.

“அயல்நாட்டான் அடித்த கோலுக்கு நமக்கென்ன பெருமை?” என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்டவர் தறிக்காரர். அவருக்கு அவர் தொழிலிலேயே பதில் சொன்னேன்: “ஐயா, நூல் எங்கிருந்தோ வருகிறது, சாயம் எங்கிருந்தோ வருகிறது, ஆனாலும் துணி சேலத்துத் துணிதானே?” சிரித்தார். அவர் சிரிப்பு அடங்கும்முன் கடைசி நாள் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

2019 மார்ச் 9. சென்னை சிட்டி கையில் 40 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் கையில் 39. ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம். கோவையில் சென்னை சிட்டியின் எதிரே நின்றது, முந்தைய பருவத்தில் மகுடம் சூடிய மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலின் எதிரே நின்றது கோகுலம் கேரளா.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்தது! அரங்கமே ஊமையானது. இடைவேளை வந்தது, நம் பக்கம் கோல் இல்லை. ஆறு மாத உழைப்பு அறுந்த நூலில் தொங்குகிறது. இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கிடைத்தது. மான்சி அடித்தார், சமநிலை. ஆனால் சமநிலை போதுமா? போதாது! கோழிக்கோட்டில் முதல் கோலை வாங்கிய ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் திருப்பி அடித்து 2–1 என்று வென்றுவிட்டது. அவர்களுக்கு 42. நாம் சமநிலையில் நின்றிருந்தால் 41. மகுடம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

அந்த வேளையில் மான்சி காக்கவில்லை, ஸ்பெயின் காக்கவில்லை. காத்தவர் கௌரவ் போரா என்ற இந்திய இளைஞர். தற்காப்பு வரிசையில் நின்று பழகியவர், கோல் அடிப்பதற்கென்று கூலி வாங்காதவர், 69-ஆவது நிமிடத்தில் ஒன்று அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்றும் அடித்தார். 3–1! சென்னை சிட்டிக்கு 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. 1996-இல் தேசிய லீக் தொடங்கிய நாள் முதல் தமிழ்நாடு காணாத மகுடம், ஒரே ஒரு புள்ளியில் வந்தது.

தமிழனுக்குப் பந்து வராது என்று சொல்வார் உண்டு. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் யார்? சைமன் சுந்தரராஜ் என்ற தமிழர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் அதுதான். அதன்பின் இந்தியக் குழு அந்த வாசலையே மிதிக்கவில்லை. மகுடம் வந்த அதே 2019-ஆம் ஆண்டின் மே மாதத்தில், லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக்கை வென்றது யார்? மதுரையின் சேது குழு. நம் வீட்டுப் பெண்கள்! ஆண்கள் மகுடமும் தமிழ்நாட்டில். பெண்கள் மகுடமும் தமிழ்நாட்டில். ஒரே ஆண்டில்!

இனி கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

அப்போது நாட்டில் இரண்டு பெரிய லீக்குகள் நடந்தன. ஒன்று, பழைய தேசிய லீக்கின் வாரிசாக 2007-இல் வந்த ஐ-லீக். மற்றொன்று, 2014-இல் பெரும்பணத்தோடு பிறந்த இந்தியன் சூப்பர் லீக். ஐ-லீக்கில் முதலிடம் பெற்றவன் அந்த இரண்டாவது வீட்டுக்குள் நுழைய முடியுமா? முடியாது. ஆடி வென்று ஏறுவதற்கு அங்கே படிக்கட்டு இல்லை. பணம் கட்டியவனுக்கே இடம். உள்ளே கடைசியாக வந்தவனுக்கும் கீழே இறக்கம் இல்லை.

பிறப்பால் மேல், பிறப்பால் கீழ் என்ற பேச்சைக் கேட்டால் கொதித்தெழும் கூட்டம் நாம். ஆட்டக்களத்திலும் அதே பேச்சா? உழைத்தவன் ஏற வேண்டும், உழைக்காதவன் இறங்க வேண்டும் என்பதல்லவா விளையாட்டின் நீதி?

திறமை குறைவென்று காரணம் சொன்னால், அதற்கும் களத்திலேயே விடை கிடைத்தது. 2019 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை. இரு லீக்குகளின் குழுக்களும் மோதும் போட்டி. அந்த ஆண்டு சூப்பர் லீக்கை வென்ற பெங்களூரு குழுவைக் காலிறுதியில் 2–1 என்று சாய்த்தது சென்னை சிட்டி! அரையிறுதியில் கோவாவிடம் தோற்றது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் ‘கீழ் வீட்டு’ மன்னன் ‘மேல் வீட்டு’ மன்னனை வென்றதும் உண்மை.

ஐ-லீக்கை வென்றவன் மேலே ஏறலாம் என்ற கதவு 2022-23 பருவத்தில்தான் திறந்தது. 2023-இல் பஞ்சாபுக் குழு ஏறியது. 2024-இல் கொல்கத்தாவின் முகமதன் ஏறியது. கதவு திறந்தபோது நம் குழு எங்கே? வாசலில் இல்லை. வீதியிலும் இல்லை!

நடந்தது இதுதான். வென்ற கையோடு கோர்டில்லோ ஐதராபாத்துக்குப் போனார். வான்ஸ்பால் சென்னையின் சூப்பர் லீக் குழுவான சென்னையினுக்குப் போனார். சில மாதங்களில் மான்சி ஜப்பானுக்குப் போனார். மகுடம் வென்றதால் ஆசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா குழுவிடம் ஒரே கோலில் தோல்வி. மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா குழுவோடு ‘சொந்த ஊர்’ ஆட்டம். 2–2 என்று சமநிலை. சொந்த ஊர் ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? கோவையிலா? சென்னையிலா? குஜராத்தின் அகமதாபாத்தில்! தமிழ்நாட்டுக்கு மகுடம் கொண்டுவந்த குழு, ஆசியாவின் முன் நிற்கும்போது நிற்பதற்குத் தமிழ்நாட்டில் இடம் இல்லை. 2021-22 பருவத்தில் ஐ-லீக் தொடங்கியபோது பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. மகுடம் சூடி மூன்றாண்டு முடியவில்லை.

பணம் போதவில்லையா? நிர்வாகம் போதவில்லையா? அதை ஆராய வேண்டியவர்கள் ஆராயட்டும். நான் பார்ப்பது வேறு. ஈஸ்ட் பெங்கால் பல ஆண்டு மகுடம் இல்லாமல் இருந்தும் அழியவில்லை. ஏன்? அதற்கு மண் இருக்கிறது. மண்ணோடு மக்கள் இருக்கிறார்கள். தோற்றாலும் வந்து நிற்கும் ஆயிரமாயிரம் தொழிலாளர் இருக்கிறார்கள். சென்னை சிட்டிக்குப் பெயர் ஓர் ஊரில், ஆட்டம் இன்னோர் ஊரில், ஆசியப் போட்டி மூன்றாவது ஊரில். வேர் ஊன்றாத வாழை ஒரு குலை தள்ளியது, காற்று வந்தது, சாய்ந்தது.

சரி, குற்றம் எல்லாம் அடுத்தவர் தலையில்தானா? என் கை சுத்தமா? இல்லை, தோழர்களே! இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நாமக்கல் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊருக்கு இருப்பது ஒரே மைதானம். அங்கே பொதுக்கூட்டம்; நான் பேச்சாளன். ஒன்றரை மணி நேரம் முழங்கினேன். “இளைஞனே, உடலை வளர்! விளையாட்டில் வெற்றி பெறு!” என்றும் முழங்கினேன். கைதட்டல் வானைப் பிளந்தது. மாலை விழுந்தது. கார் ஏறினேன்.

பத்து நாள் கழித்து அதே வழியாக வந்தேன். டீக்கடைப் பலகையில் ஒரு பையன், கணுக்காலில் மாவுக்கட்டு. விசைத்தறித் தொழிலாளியின் மகன்.

“என்ன தம்பி, விழுந்துட்டியா?” என்றேன்.

“ஆமாங்கண்ணா. பந்தக்கால் குழிங்க. மூடாம போயிட்டாங்க. பந்தப் பாத்துட்டே ஓடுனனுங்க, குழி தெரியலீங்க.”

யார் கூட்டத்துப் பந்தல் என்று அவன் சொல்லவில்லை. நான் யார் என்று தெரிந்ததால் சொல்லவில்லையோ, என்னவோ! மாவட்டக் குழுவுக்கு ஆள் எடுக்கும் நாள் அந்த வாரம்தான் போயிற்று என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். வாயிலிருந்த தேநீர் உள்ளே இறங்கவில்லை. மேடையில் நான் வளர்த்த இளைஞனை, மேடை போட்ட குழியில் நானே விழவைத்திருக்கிறேன்!

நம் ஊர் மைதானங்களில் இப்படி எத்தனை குழி? ஒரு மாதம் பொருட்காட்சி, ஒரு மாதம் சர்க்கஸ், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக் கூட்டமும், மழை வந்தால் குட்டை. மீதி நாளில் லாரி நிற்கும். பையன் எங்கே ஆடுவான்?

ஒரு கால்பந்து மைதானத்துக்கு வேண்டிய அளவு என்ன? நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். ஒரு குடியானவன் மஞ்சள் நடும் காடு. அவ்வளவுதான்! இந்தியாவின் மகுடத்தைத் தாங்கிப் பிடிக்க அந்த ஒன்றே முக்கால் ஏக்கர் ஊருக்கு ஊர் வேண்டும். குமரிக் கடற்கரை மீனவக் குடும்பத்திலிருந்து மைக்கேல் சூசைராஜ் எழுந்து வந்து, முதலில் இந்தச் சென்னை சிட்டியில் ஆடிப் பெயர் பெற்றார். அவருக்குக் கடற்கரை மணல் இருந்தது. விசைத்தறிக்காரர் மகனுக்கும், லாரிப் பட்டறைத் தொழிலாளி மகனுக்கும், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கண் எரிய உட்கார்ந்திருப்பவர் மகளுக்கும் எது இருக்கிறது?

ஆகவே கிளைத் தோழர்களை நான் கேட்பது மூன்று.

ஒன்று: உங்கள் ஊரில் பந்தாடும் மண் எங்கே இருக்கிறது, யார் பிடியில் இருக்கிறது என்று எழுதி எடுங்கள். ஊராட்சியில் கேளுங்கள், நகராட்சியில் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். ஆட்சியில் இருப்பவர் நம்மவரானால் இன்னும் உரத்துக் கேளுங்கள்!

இரண்டு: நம் கூட்டத்துக்கு அந்த மண்ணைக் கேட்காதீர்கள். நாற்சந்தி போதும், சந்தைத் திடல் போதும். வேறு வழியே இல்லாமல் அங்கே மேடை போட்டால், விடிவதற்குள் ஒவ்வொரு குழியையும் மூடி மிதித்துச் சமன் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். கொடிக்கம்பத்தை மடித்த கைகளே மண்வெட்டியையும் பிடிக்கட்டும்.

மூன்று: ஞாயிற்றுக்கிழமை அங்கே பிள்ளைகள் ஆடும்போது வேலி ஓரம் போய் நில்லுங்கள். தோற்றாலும் நில்லுங்கள். குழுவைக் காப்பது பணப்பை மட்டுமன்று, அந்த வேலி ஓரம்தான்.

அந்தப் பையனின் மாவுக்கட்டு பிரித்தாயிற்று. மீண்டும் ஆடுகிறான் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் அந்த ஊரில் மீண்டும் எனக்குக் கூட்டம். நாற்சந்தியில் மேடை என்றால் வருவேன் என்று எழுதிவிட்டேன். கூட்டம் முடிந்த மறுநாள் காலை, மண்வெட்டியோடு மைதானத்தில் நிற்பேன். பழைய குழிகள் இன்னும் சில பாக்கி இருக்கின்றனவாம்.

வருகிறீர்களா, தோழர்களே?